மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் போதுமா?

வயல்வரப்பு:
போன மாதம் என் தம்பிக்கு மஞ்சள் காமாலை. கண், நகம் எல்லாம் மஞ்சள், சிறுநீர் நல்லெண்ணெய் நிறம், சோற்றைப் பார்த்தாலே குமட்டல். எங்கள் அப்பாயி கொல்லையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லாத மோர்ச்சோறுதான் சாப்பாடு. பதினொரு நாளில் கண் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் "டாக்டரிடம் காட்டாமல் விட்டது பெரிய தப்பு" என்று சண்டைக்கு வந்தார். சும்மா முளைக்கிற செடி குணமாக்கும்போது எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு? நான் கேட்பதில் என்ன தப்பு?

லேப் அக்கா:
தம்பி குணமானதில் சந்தோஷம். நான் 14 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் ஒன்று கேட்கிறேன்: கீழாநெல்லிதான் குணமாக்கியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கெட்ட தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். வெறும் மோர்ச்சோறு கொடுத்திருந்தாலும் சரியாகியிருக்கும்.

அப்புறம், மஞ்சள் காமாலை என்பது தனி நோய் இல்லை, ஓர் அறிகுறி. வைரஸால் வரலாம், குடியால் வரலாம், மாத்திரையால் வரலாம், பித்தக் குழாய் அடைத்தும் வரலாம். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. மூன்று வாரம் பச்சிலை கொடுத்தோம். உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருப்பார். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம், எங்கள் வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. குளிர் ஜுரம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் பித்தக் குழாயில் கல். அதற்குள் கிருமித் தொற்று. பிழைத்தார், ஆனால் ஒன்பது நாள் ஐ.சி.யூ. எத்தனை நெல்லிக்காய் அளவு விழுங்கினாலும் அந்தக் கல் நகர்ந்திருக்காது.

மூலிகைத்தோட்டம்:
அக்கா, உங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது வருத்தமான விஷயம்தான். அதற்காகக் கீழாநெல்லியை ஒன்றுமில்லாததாக ஆக்க வேண்டாம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க்கோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளமே மறைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே கலக்காத வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அது பாட்டி சொன்ன கதை இல்லையே?

லேப் அக்கா:
அந்த ஆய்வு எனக்கும் தெரியும், மதிப்பும் உண்டு. ஆனால் அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள்? ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு. கண் மஞ்சளாகிப் படுத்திருந்தவர்களுக்கு இல்லை. காய்ந்த பொடி, வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். அப்பாயியின் விழுதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவுமில்லை. நீங்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறீர்கள்.

பொதிகைச்சாரல்:
நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். கீழாநெல்லியை நோயாளிகளுக்குக் கொடுக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் கல்லீரல் பரிசோதனை முடிவு மேசைக்கு வராமல் ஒரு வேளைகூடக் கொடுப்பதில்லை. அடைப்பு என்று தெரிந்தால் உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

வயல்வரப்பு, அப்பாயிக்குச் செடி தெரியும், சரி. உங்களுக்குத் தெரியுமா? ஈர்க்குக்குக் கீழ்ப்பக்கம் கடுகு கடுகாய்க் காய் வரிசை கட்டியிருக்கும், அதனால்தான் கீழ்க்காய்நெல்லி என்றும் சொல்கிறோம். அதே சாடையில் மேலாநெல்லி இருக்கிறது, தண்டு சிவந்த இன்னொரு வகையும் இருக்கிறது. சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கினால் எல்லாம் கலந்துதான் வரும்.

சீந்தில் கொடியின் கதையும் நினைவிருக்கட்டும். கொரோனா சமயத்தில் ஊரே அதில் கஷாயம் காய்ச்சியது. 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம், அது சீந்திலாகவே இருக்காது, அதே சாடையுள்ள வேறு கொடியாக இருக்கலாம் என்று மறுத்தது. எது உண்மையானாலும், குடித்தவருக்குத் தன் டம்ளரில் இருந்தது என்ன கொடி என்று தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

வயல்வரப்பு:
எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். எங்கள் ஊரில் நாலு தலைமுறையாக இப்படித்தான். யாரும் செத்துப்போகவில்லை.

தாமரைக்குளம்:
செத்தவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள் தம்பி. கோபப்படாதீர்கள், நான் கிராமச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை "சூட்டுக் காமாலைதான்" என்று பத்து நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். நான் போனபோது கூப்பிட்டால் கண் திறக்கிறாள், என்னை யாரென்று தெரியவில்லை. தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை. ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வந்துவிட்டுப் போய்விடும். கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 20 பேர் வரைகூட இறந்துபோகிறார்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால், யாருக்காவது பேச்சுக் குழறினால், பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. செடி, பத்தியம் எல்லாம் அப்புறம். காமாலைக்கென்று கண்ணில் பச்சிலைச் சாறு விடுகிறவர்களிடம் தயவு செய்து போகாதீர்கள்.

மூலிகைத்தோட்டம்:
அம்மா சொல்வதை ஏற்கிறேன். கர்ப்பிணி விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. ஆனாலும் கீழாநெல்லி மேல் எனக்குள்ள நம்பிக்கை போகவில்லை. நம் ஊர்ச் செடியை நம் கல்லூரிகளில் முறையாக, பெரிய அளவில் மறுபடி ஆராய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பொதிகைச்சாரல்:
அதில் எனக்கும் உடன்பாடு.

லேப் அக்கா:
எனக்கும்தான். வயல்வரப்பு, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் தெருவில் வேறு யாருக்காவது ஜுரம், வாந்தி இருக்கிறதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வயல்வரப்பு:
எதிர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு வாரமாக வாந்தி. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர்தான் எல்லோருக்கும். குழாய் சாக்கடையை ஒட்டித்தான் போகிறது. காலையில் முதலில் வருகிற தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், அதை வாசல் தெளிக்க வைத்துக்கொள்வோம்.

லேப் அக்கா:
இன்றைக்கே எதிர் வீட்டில் சொல்லி, பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தம்பிக்கும் ஒரு தடவை ரத்தம் பாருங்கள், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்ப்பார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

வயல்வரப்பு:
எதிர் வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டேன், கிளம்புகிறார்கள். தம்பி நாளைக் காலை ரத்தம் பார்க்கப் போகிறான். குழாயைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பஞ்சாயத்தில் யாரிடம், எப்படி எழுதிக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.