துப்புப்படி நடந்தும் பெட்டி கிடைக்கல்ல: லெற்றர்பொக்ஸ் தேடுறவங்க உதவுங்க

படுவான்கரை:
குடும்பிமலைப் பக்கம் காட்டுப் பாதை ஒன்றில் வைத்திருக்கிற லெற்றர்பொக்ஸுக்கு (துப்பைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுக்காக ஒளிச்சு வைக்கிற பெட்டி) இதுதான் துப்பு: “இரட்டைப் பாறைக்கு நடுவில் நின்று 140 பாகை பார். 35 கவடு நட. கவைவிட்ட பாலை மரம் வரும். அங்கிருந்து 230 பாகை, 6 கவடு. பாறை வெடிப்பில் தட்டைக் கல்லுக்குப் பின்னால்.”
இரட்டைப் பாறையில சந்தேகமே இல்ல. போன் திசைகாட்டியப் பார்த்து 35 எட்டு நடந்தா வீரை மரங்கள்தான் நிக்குது, பாலையக் காணல்ல. பெட்டிய யாரும் எடுத்திட்டாங்களா, நடையில பிழையா? முதல்ல எதச் சரிபார்க்கணும்?

பாலையடி:
பெட்டி போயிட்டு என்று இப்பவே முடிவெடுக்க வேணாம். துப்பில இருக்கிறது கவடு, நீங்க நடந்தது எட்டு. துப்பு எழுதுறவங்க பலபேர் ஒரு கால் பதிஞ்சு அதே கால் மறுபடி பதியிற தூரத்தத்தான் ஒரு கவடு என்று எடுக்கிறாங்க, அதாவது 2 எட்டு. ஒரு எட்டு 75 சென்ரிமீற்றர் என்று வைங்க. நீங்க நின்ற இடம் 26 மீற்றர் தூரத்தில. கவடுக் கணக்குப்படி மரம் 52 மீற்றர் தூரத்தில. பாதித் தூரத்திலேயே தேடியிருக்கீங்க.

போறதுக்கு முதல் உங்க கவட்ட அளந்துகொள்ளுங்க. தட்டையான இடத்தில நாடா பிடிச்சு 50 மீற்றர் குறிச்சு, தோளில பேக்கோட இயல்பா நடந்து எண்ணுங்க. பத்தைக்குள்ளயும் ஏற்றத்திலயும் கவடு சுருங்கும், அதனால எண்ணிக்கை முடிஞ்ச பிறகு இன்னும் நாலைஞ்சு கவடு தள்ளியும் பாருங்க.

அடுத்தது திசை. போன் உறையில காந்தம் இருந்தா கழற்றுங்க. போனை 8 என்ற இலக்க வடிவத்தில சுழற்றிச் சீராக்கி, கத்தி, பெல்ற் வளையம், மோட்டர்சைக்கிள் எல்லாத்துக்கும் தள்ளி நின்று பாருங்க. நம்ம பகுதியில காந்த வடக்கு உண்மை வடக்கில இருந்து ஏறக்குறைய 2 பாகைதான் மேற்கே விலகியிருக்கு. 52 மீற்றருக்கு அது 2 மீற்றர்கூட வராது. ஆனா சீராக்காத போன் 10 பாகை பிழைச்சா 9 மீற்றர் விலகிப் போயிருவீங்க. பத்தைக்குள்ள 9 மீற்றர் என்றா மரமே கண்ணில படாது. முடிஞ்சா திரவம் நிரப்பின, தட்டு சுழல்ற சாதாரண திசைகாட்டி கொண்டு போங்க.

பாறைக்குப் பக்கத்தில நின்று பார்க்கிறதால இன்னொரு சோதனையும் வேணும். போய்ச் சேர்ந்த இடத்தில திரும்பி நின்று இரட்டைப் பாறையப் பாருங்க. 320 பாகை காட்டணும் (140 + 180). காட்டாட்டி நீங்க கோட்டில இருந்து விலகியிருக்கலாம், இல்லாட்டி ஒரு முனையில கல்லோ இரும்போ முள்ளை இழுக்குது. நாலைஞ்சு மீற்றர் விலகி, அதே கோட்டில நின்று திரும்பப் பாருங்க.

கல்லோயா:
மேல சொன்ன கணக்கு சரி. ஆனா அந்தக் காட்டில 52 மீற்றர நேர நடக்க ஏலாது. ரெண்டு பேர் போங்க. ஒருவர் பாறையடியில திசைகாட்டியோட நிக்க, மற்றவர் கண்ணுக்குத் தெரியிற கடைசி மரம் வரை போய், கையசைப்பப் பார்த்துக் கோட்டில நிக்கணும். பிறகு பின்னுக்கு நின்றவர் அந்த இடத்துக்கு வந்து அடுத்த துண்டு. சூரைப் பத்தை குறுக்க வந்தா செங்குத்தா வலப்பக்கம் 5 கவடு, பத்தையத் தாண்டின பிறகு இடப்பக்கம் 5 கவடு. பக்கவாட்டில நடந்த அந்த 10 கவடும் கணக்கில சேராது, முன்னுக்கு நடந்தது மட்டும் சேரும்.

முடிவிடத்தில நிறத்துணி ஒன்று கட்டி, அத நடுவா வச்சு 3 மீற்றர், 6 மீற்றர், 9 மீற்றர் என்று கயிறு பிடிச்சுச் சுத்துங்க. போகும்போது அந்தத் துணியக் கழற்றிக்கொண்டு போங்க.

மண்ணக் கிளறவே வேணாம். லெற்றர்பொக்ஸப் புதைக்கிறதில்ல. வெடிப்புக்குள்ள முதல்ல தடி, பிறகு ரோர்ச், கடைசியாத்தான் கை. கண்ணாடி விரியனும் மட்டத்தேளும் இருக்கிற இடம் அதுதான். பழைய போர்ப் பகுதி என்றதால துருப்பிடிச்ச இரும்பு எதக் கண்டாலும் தொடாம பொலிசுக்குச் சொல்லுங்க. யானை இலத்தி ஈரமாக் கிடந்தா அப்படியே திரும்புங்க. மூணு மணிக்குப் பிறகு காட்டுக்குள்ள நிக்காதீங்க.

படுவான்கரை:
நன்றி. கவட்ட அளந்து போட்டுப் போறேன். கிடைச்சா என்ன செய்யணும்? மாரி மழையில பெட்டி அசைஞ்சிருக்குமா?

பாலையடி:
பாறை வெடிப்பு என்றா பொதுவா அசையாது. ஓடைப் பள்ளத்தில வச்சதுதான் கார்த்திகை, மார்கழி வெள்ளத்தோட போகும். ஆனா தட்டைக் கல் உருண்டிருக்கலாம், அதனால கல்ல நம்பாம வெடிப்பத் தேடுங்க.

பெட்டிய எடுத்தா பத்துப் பதினைஞ்சு மீற்றர் தள்ளிப் போய்த் திறங்க, பாதையில வாறவங்களுக்கு ஒளிச்ச இடம் தெரியக்கூடாது. உள்ளே கையால வெட்டின றப்பர் சீலும் ஒரு கொப்பியும் இருக்கும். அவங்க சீல உங்க கொப்பியிலயும், உங்க சீல அவங்க கொப்பியிலயும் குத்தி, திகதி எழுதுங்க. மைத்தட்டு நீங்கதான் கொண்டு போகணும். பெட்டிக்குள்ள வச்சா நம்ம வெயிலுக்குக் காஞ்சிரும். நிறமி மை வாங்குங்க, சாயமை ஈரம் பட்டா ஊறிப் பரவிரும். பென்சிலால எழுதினது மழைக்கும் நிக்கும்.

சீலத் துடைச்சு, கொப்பி நல்லாக் காஞ்ச பிறகு, ரெண்டையும் தனித்தனி ஸிப் பேக்கில காத்த அழுத்தி வெளியேத்தி மூடுங்க. ஸிப் பேக் கிழிஞ்சிருந்தா மாத்துறதுக்கு ரெண்டு கூடக் கொண்டு போங்க. சாப்பாடு வச்ச பேக் வேணாம், எறும்பும் பன்றியும் தேடி வரும்.

கல்லோயா:
பிறகு நீங்களே பெட்டி வைக்க நினைச்சா ஒன்று. குமண போன்ற தேசிய பூங்காவிலயும், ராஜகல போன்ற தொல்லியல் இடத்திலயும் வைக்காதீங்க. கற்குகை மேல் விளிம்பில நீர்வடி வெட்டு (மழைத்தண்ணி உள்ள வராம கல்லில வெட்டின விளிம்பு) இருந்தா அது பழைய துறவிகள் இருந்த குகை, அங்க ஒரு கல்லக்கூட நகர்த்தக் கூடாது. தனியார் காணி என்றா காணிக்காரர்ட்ட முதல்லயே கேளுங்க. துப்பில ஒரு கவடு எத்தனை மீற்றர் என்றும் எழுதிவிடுங்க.