21 புள்ளி கொடுத்தும் டீசல் டேங்க் கணக்கு மைனஸில் போகிறது. இடைச்செருகலில் எங்கே தப்பு?

டிப்ராடு | இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மாமாவின் பெட்ரோல் பங்க்கில் தினமும் காலையில் டிப் ராடு விட்டு ஆழம் பார்த்து, சார்ட்டில் லிட்டரைத் தேடி நோட்டில் எழுதுவார்கள். அதைப் போனிலேயே வருகிற மாதிரி செய்து தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

டேங்க் மண்ணுக்குள் படுக்கவைத்த உருளை. விட்டம் 200 செ.மீ., மொத்தக் கொள்ளளவு 20,106 லிட்டர். சார்ட்டில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு வரி இருக்கிறது, எல்லாம் முழு லிட்டரில். 200 வரியையும் டைப் அடிக்கச் சோம்பல்பட்டு 0, 10, 20 என்று 200 வரை 21 வரிகளை மட்டும் எடுத்தேன். 21 புள்ளி இருந்தால் அத்தனை வழியாகவும் போகிற 20ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றே ஒன்றுதான் என்று படித்தது ஞாபகம் இருந்தது. நடுவில் உள்ளதையெல்லாம் அது சொல்லிவிடும் (இதைத்தான் இடைச்செருகல் என்கிறார்கள்) என்று நம்பினேன்.

முதலில் பைத்தானின் நம்பை நூலகத்தில் உள்ள பாலிஃபிட்டில் போட்டேன், அது ஏதோ எச்சரிக்கை காட்டியது. அதனால் சைபை நூலகத்தில் இருக்கும் பேரிசென்ட்ரிக் என்ற இடைச்செருகல் முறைக்கு மாறினேன். கொடுத்த 21 புள்ளியையும் கச்சிதமாகத் தொடுகிறது. 50 முதல் 150 செ.மீ. வரை சார்ட்டோடு ஒத்துப்போகிறது. ஆனால் 15 செ.மீ.இல் 70 லிட்டர் வித்தியாசம். 3 செ.மீ.இல் மைனஸ் 640 லிட்டர்! 197இல் 20,790 லிட்டர், அதாவது டேங்கே கொள்ளாத டீசல். மாமா பார்த்துவிட்டு "கிணறு வெட்டியிருக்கியாடா?" என்றார்.

எங்கே தப்பு?

கணக்குப்பூனை | இரவு 10.05

இது பிரபலமான வியாதி, ரூங்கே நிகழ்வு: சம இடைவெளிப் புள்ளிகள் வழியாக உயர்படிக் கோவை போட்டால் அது ஓரங்களில் துள்ளிக் குதிப்பது. கார்ல் ரூங்கே 1901இலேயே எழுதிவைத்துவிட்டார். 25 எக்ஸ் வர்க்கத்தோடு 1ஐக் கூட்டி, அதால் 1ஐ வகுக்கும் சார்பை மைனஸ் 1 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சாதுவான மணி வடிவ வளைவு, உயரம் 1தான். சம இடைவெளியில் 11 புள்ளி வைத்தால் ஓரத்தில் பிழை 1.9 வரும். புள்ளியைக் கூட்டினால் சரியாகும் என்று 21 வைத்தால் கிட்டத்தட்ட 60.

மருந்தும் பிரபலம்: செபிஷேவ் புள்ளிகள். ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் தள்ளித்தள்ளியும் வையுங்கள். அதே சார்புக்கு 21 செபிஷேவ் புள்ளியில் பிழை 0.015 அளவுக்கு இறங்கிவிடும்.

டிப்ராடு | இரவு 10.20

நன்றிங்க. ஆனால் ஒன்று புரியவில்லை. ரூங்கே சார்பில் நடுவில் கூர்மையான மேடு இருக்கிறது. என் டேங்கில் அப்படி எதுவும் இல்லையே? உருளைதானே, ஆழம் ஏற ஏறக் கொள்ளளவும் ஏறிக்கொண்டே போகிறது.

அரைலிட்டர் | இரவு 11.12

சரியான சந்தேகம் கேட்டிருக்கீங்க தம்பி. பூனையார் சொன்ன மருந்து சரிதான், நோய்க்குப் பெயர்தான் தப்பு. இது ரூங்கே இல்லை.

ரூங்கேயின் சார்பு கெட்டுப்போகக் காரணம், கலப்பெண் தளத்தில் அதன் பகுதி (வகுக்கிற கீழ்ப்பாகம்) பூஜ்யமாகிற இடம். கற்பனை அச்சில் வெறும் 0.2 தூரத்தில் அது பதுங்கியிருக்கிறது. அதனால் துளிப் பிழை இல்லாத மதிப்புகளைக் கொடுத்தாலும் கோவை ஓரத்தில் வெடிக்கும். உருளையின் கொள்ளளவில் அந்த மாதிரிக் கண்ணிவெடி இல்லை. அடியிலும் உச்சியிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். விட்டம் 2 மீட்டர், நீளம் 6.4 மீட்டர் என்று வைத்து, வடிவியல் சூத்திரத்தில் தசமங்களை வெட்டாமல் 21 மதிப்பு கணக்கிட்டுக் கொடுத்துப் பாருங்கள். அதே 20ஆம் படிக் கோவை எங்கேயும் மூன்று நான்கு லிட்டருக்கு மேல் தவறாது.

அப்படியானால் 3 செ.மீ.இல் இருக்க வேண்டிய அறுபது சொச்சத்துக்கும் உங்கள் மைனஸ் 640க்கும் நடுவே 700 லிட்டர் எங்கிருந்து வந்தது? உங்கள் சார்ட்டில் இருக்கிற "முழு லிட்டர்"தான். முழு லிட்டருக்கு வட்டமாக்கியதால் ஒவ்வொரு வரியிலும் அரை லிட்டர் வரை பிழை இருக்கும்.

நம்ப முடியவில்லையா? 100 செ.மீ. வரியில் இருக்கும் எண்ணை ஒரே ஒரு லிட்டர் கூட்டிவிட்டு, 3 செ.மீ.க்கு விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் காகிதத்தில் போட்டதில் சுமார் 1,780 லிட்டர் குறைய வேண்டும்.

டிப்ராடு | இரவு 11.31

1,783 குறைந்தது!!! ஒரு லிட்டருக்கா? அதுவும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற வரிக்கு? தலை சுற்றுகிறது.

அரைலிட்டர் | இரவு 11.58

பேரிசென்ட்ரிக் சூத்திரத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எடை உண்டு. சம இடைவெளிப் புள்ளிகளுக்கு அந்த எடைகள் வேறொன்றுமில்லை, பாஸ்கல் முக்கோணத்தின் வரிதான், குறி மட்டும் மாறி மாறி வரும். உங்கள் 21 புள்ளிக்கு 1, 20, 190, 1,140 என்று ஏறி நடுவில் 1,84,756. ஓரப் புள்ளிக்கு 1, நடுப் புள்ளிக்கு ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். 3 செ.மீ.இல் என்ன இருக்கிறது என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற 0, 10 இரண்டின் பேச்சும் எடுபடாது. தூரத்தில் இருக்கிற 90, 100, 110தான் சத்தம் போடும். அவை சொல்வது துல்லியமாக இருக்கும்வரை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்துவிடும். அரை லிட்டர் பிசகினால் அடிபடாமல் மிஞ்சுவது ஆயிரக்கணக்கில்.

இந்தப் பெருக்கலின் உச்ச அளவுக்கு லெபெக் மாறிலி என்று பெயர். சம இடைவெளியில் 11 புள்ளிக்கு அது சுமார் 30, 21 புள்ளிக்குச் சுமார் 11,000. உங்கள் அரை லிட்டர் பிழைகள் எல்லாம் கூட்டு சேர்ந்து சதி செய்தால் 5,500 லிட்டர் வரை போகலாம். 700இல் நின்றது அதிர்ஷ்டம்தான்.

செபிஷேவ் புள்ளிகளின் எடைகளோ எல்லாம் ஒரே அளவு, குறி மட்டும் மாறும், இரு முனைக்கு மட்டும் பாதி. அங்கே 21 புள்ளிக்கு லெபெக் மாறிலி 3ஐத் தாண்டாது. பூனையார் மருந்து வேலை செய்வது இதனால்தான்.

பாலிஃபிட்டின் எச்சரிக்கை தனிக்கதை. 200ஐ 20ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் அது உள்ளே தீர்க்கிற அணி (மேட்ரிக்ஸ்) கெட்டுப்போகத்தான் செய்யும். அதை விட்டு வெளியே வந்தது நல்லது. ஆனால் கணிப்பொறியின் பிழையை ஒழித்த பிறகும் தரவின் பிழை அங்கேயேதான் இருக்கும்.

பழையபங்க் | காலை 6.15

கணக்கு எனக்குப் புரியவில்லை, பங்க்கில் இருபது வருஷம் குப்பை கொட்டியதில் ரெண்டு வார்த்தை. 3 செ.மீ.இல் யாரும் டேங்க் ஓட்ட மாட்டார்கள், பம்ப் அவ்வளவு அடியில் இழுக்காது. 197 வரை லோடும் இறக்க மாட்டோம். அதனால் அந்த மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த 15 செ.மீ. 70 லிட்டர்தான் ஆபத்து. தினசரி ஸ்டாக்கில் 70 லிட்டர் உதைத்தால் முதலில் பையன்களைத்தான் சந்தேகப்படுவோம்.

இன்னொன்று: உருளைச் சூத்திரம் போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. டேங்கின் இரு முனையும் தட்டையாக இருக்காது, உப்பியிருக்கும். டேங்கையும் லேசாகச் சாய்த்துத்தான் புதைத்திருப்பார்கள். சார்ட் என்பது அந்த டேங்குக்கான ஜாதகம். அதை மீறாதே.

கணக்குப்பூனை | காலை 8.02

தலைவணங்குகிறேன் அரைலிட்டர் சார். பெயரே விடை சொல்லியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

ஆனால் தம்பிக்கு ஒரு வழி இருக்கிறது. சார்ட்டில் எல்லா செ.மீ.யும் உண்டு என்கிறாரே, அப்படியென்றால் எந்த 21 வரியை டைப் அடிப்பது என்பது அவர் கையில்தான். செபிஷேவ் புள்ளிகளுக்கு மிக அருகில் உள்ள முழு செ.மீ.களை எடுத்துக்கொள்ளட்டும்: 0, 1, 5, 11, 19, 29, 41, 55, 69, 84, 100. மறுபாதி இதன் கண்ணாடிப் பிம்பம்: 116, 131, 145, 159, 171, 181, 189, 195, 199, 200. அதே 21 வரி, அதே உழைப்பு.

அரைலிட்டர் | காலை 9.10

அருமை. இது நிச்சயம் ஓடும், பிழை சில லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பங்க் கணக்குக்கு 20ஆம் படியே தேவையில்லை என்பது என் கட்சி. நாளைக்கு யாராவது ஒரு வரியை மாற்றி டைப் அடித்தால் கோவை முழுக்க அசையும். துண்டு துண்டாகப் போகிற முறையில் தப்பு அந்தத் துண்டோடு நிற்கும்.

10 செ.மீ.க்கு ஒரு வரி வைத்து, இரண்டு வரிக்கு நடுவே நேர்கோடு இழுத்தாலே நடுப்பகுதிக்குப் போதும். மேலே சொன்ன வடிவியல் உருளையில் 95 செ.மீ.க்கு உண்மை 9,413 லிட்டர், நேர்கோடு 9,414 சொல்கிறது. உதைப்பது அடியில்தான். 5 செ.மீ.க்கு உண்மை 134, நேர்கோடு 188. 15 செ.மீ.க்கு உண்மை 685, நேர்கோடு 711.

நேற்று சொன்ன சின்னச் சிக்கல் இதுதான். டேங்கின் அடியில் கொள்ளளவு ஆழத்தின் ஒன்றரை அடுக்காக (பவர் 1.5) ஏறுகிறது. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: லிட்டரை அப்படியே இடைச்செருகாமல், அதன் மூன்றில் இரண்டு அடுக்கை எடுத்து அதை நேர்கோட்டில் இடைச்செருகி, வந்த விடையை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்துங்கள். 5 செ.மீ.க்கு 133 வருகிறது, 15க்கு 683. ஒன்றிரண்டு லிட்டர்தான் வித்தியாசம், அதுவும் வெறும் நேர்கோட்டில்! உச்சியில் டீசலுக்குப் பதில் மேலே இருக்கும் காலி இடத்தை எடுத்துக்கொண்டு இதையே செய்யலாம். வளைவு எந்த மாதிரி வளைகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த வளைவை எடுத்துவிட்டு மிச்சத்தை இடைச்செருகுவது லாபம்.

சாக்பீஸ் | காலை 10.45

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நான், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 200 வரி டைப் அடிக்க என்னப்பா சோம்பல்? ஒருவர் படிக்க ஒருவர் அடித்தால் அரை மணி நேர வேலை. 1 செ.மீ. இடைவெளியில் வெறும் நேர்கோடு போதும், அடியிலேகூட இரண்டு லிட்டருக்கு மேல் தப்பாது.

டைப் அடித்ததும் ஒரு காரியம் செய். பிளஸ் டூவில் நியூட்டன் முன்நோக்கு வேறுபாட்டு அட்டவணை போட்டிருப்பாயே, அதை இரண்டாம் வேறுபாடு வரை போடு: அடுத்தடுத்த வரிகளைக் கழித்தால் முதல் வேறுபாடு, அந்த விடைகளை மறுபடி கழித்தால் இரண்டாம் வேறுபாடு. சீரான அட்டவணையில் ஓர் எண் மட்டும் தப்பாக இருந்தால் அந்தத் தப்பு 1, மைனஸ் 2, 1 என்ற விகிதத்தில் பல்லை இளிக்கும். நான்காம் வேறுபாடு வரை போனால் 1, மைனஸ் 4, 6, மைனஸ் 4, 1. கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் மடக்கை அட்டவணை போட்டவர்கள் அச்சுப்பிழையை இப்படித்தான் பிடித்தார்கள். அரைலிட்டர் சொன்ன அதே பாஸ்கல் எண்கள்தான். அடியிலும் உச்சியிலும் நாலைந்து வரிக்கு வேறுபாடு இயல்பாகவே எகிறும், அதைத் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

டிப்ராடு | இரவு 8.20

சாக்பீஸ் ஐயா சொன்னபடி மாமா பொண்ணு படிக்க நான் அடித்தேன். நாற்பது நிமிடம், நடுவில் ஒரு டீ. ஒவ்வொரு செ.மீ.க்கும் நேர்கோடு. 15 செ.மீ.இல் சார்ட்டும் போனும் ஒரே எண். பூனையார் கொடுத்த 21 வரியையும் ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன், சார்ட்டிலிருந்து எங்கேயும் 3 லிட்டருக்கு மேல் விலகவில்லை. இருந்தாலும் நேர்கோட்டையே வைத்துவிட்டேன், மாமாவுக்கு விளக்குவது சுலபம்.

இரண்டாம் வேறுபாடு போட்டேன். நடுவில் எல்லாம் 0, 1, மைனஸ் 1, எப்போதாவது 2 அல்லது மைனஸ் 2 என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. 143 செ.மீ. பக்கத்தில் திடீரென்று 5, மைனஸ் 13, 6. நான் அடித்திருந்தது 15,388. ஜெராக்ஸைப் பார்த்தால் அதிலும் 15,388 மாதிரிதான் தெரிகிறது. பீரோவிலிருந்து அசல் சார்ட்டை எடுக்கச் சொன்னேன். 15,382.

ஜெராக்ஸ்தான் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது. டிப் 143 வந்த நாளிலெல்லாம் நோட்டில் என்ன எழுதினார்கள் என்று மாமா இப்போது பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.