கம்ப்யூட்டர் வேலையும் கழுத்து வலியும்: சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் ஐந்து பேர் பார்த்தவை

தஞ்சாவூர், பிசியோதெரபிஸ்ட்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் போதும், இ-சேவை மையங்களில் வேலை பார்ப்பவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கிவிடுவார்கள். மானிட்டர் உயரம் சரியில்லையோ என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது தாளை எங்கே வைக்கிறீர்கள் என்று. சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் கீபோர்டுக்கு ஒரு பக்கமாக மேஜைமேல் படுத்துக் கிடக்கும். சர்வே எண்ணுக்காகக் குனிந்து திரும்ப வேண்டும், தட்டிவிட்டு நிமிர வேண்டும், கணக்கு எண்ணுக்காக மறுபடியும் குனிய வேண்டும். நாள் முழுக்க ஒரே பக்கம். தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையில் விரலை வைத்து அழுத்தினால் "அங்கேதான்" என்பார்கள். கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து இறங்கும் லெவேட்டர் ஸ்கேபுலே தசை வந்து ஒட்டும் இடம் அது.

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பிள்ளைகள் பரீட்சைக்கு எடுத்துப்போகும் கிளிப் அட்டையில் தாளைச் செருகி, கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவே சாய்வாக நிறுத்துங்கள். கண் மட்டும் மேலும் கீழும் போனால் போதும், தலை திரும்பாது. இடமில்லையென்றால் தாள் வைக்கும் பக்கத்தையாவது வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்தது நாற்காலி. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைகள் மேஜை விளிம்பில் முட்டும். நாற்காலி உள்ளே போகாது, ஆள்தான் முன்னால் வளைந்து போவார். கையில்லாத நாற்காலியாக மாற்றுங்கள். சாதாரண மேஜை 75 செ.மீ. உயரம் இருக்கும். குள்ளமானவருக்கு முழங்கை அதற்குக் கீழே நிற்கும், தட்டும்போதெல்லாம் தோள் தூக்கிக்கொள்ளும். முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை கெட்டியான குஷன் போட்டு ஏறி உட்காருங்கள். பாதம் தொங்கினால் அடியில் இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை. பாதியில் நிறுத்தக் கூடாது: குஷன் மட்டும் போட்டுப் பலகையை விட்டால் தொடை அழுந்தி, ஆள் சறுக்கி, பழையபடி கூன் விழும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டினால் விரல் தொடும் தூரத்தில். லேப்டாப்பில் இது நடக்காது, திரையை ஏற்றினால் கீபோர்டும் சேர்ந்து ஏறும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

திருவாரூர், ஆப்டோமெட்ரிஸ்ட்

சார் சொன்ன திரை உயரம் 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சரி. தூரப் பார்வைக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடியாக பைஃபோக்கல், புரோகிரசிவ் போட்டவர்களுக்கு அப்படியே சொல்லிவிடாதீர்கள். படிக்கும் பவர் கண்ணாடியின் அடிப்பாகத்தில் இருக்கிறது. திரை கண் மட்டத்தில் இருந்தால் அந்த அடிப்பாகம் வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவார்கள். பின்கழுத்து நாள் முழுக்க மடங்கியே இருக்கும், சாயங்காலம் பிடரியில் ஆரம்பித்துத் தலைவலி. இவர்களுக்குத் திரையை 5 முதல் 10 செ.மீ. இறக்கி, மேல் விளிம்பைச் சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டும்.

இன்னொன்று. படிக்கும் பவர் வழக்கமாக 40 செ.மீ. தூரத்துக்குக் கணக்கிடுவது. திரை இருப்பதோ 60 செ.மீ.யில். அந்தத் தூரத்துக்குப் படிக்கும் பவரில் சுமார் 0.75 குறைத்தாலே போதும். படிக்கிற கண்ணாடியையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எழுத்துத் தெளிவதற்காகத் தலை தானாக 20 செ.மீ. முன்னால் போய் நிற்கும். அவரிடம் "நேராக உட்காருங்கள்" என்று எத்தனை தடவை சொல்லி என்ன பயன்? கண்ணிலிருந்து திரைக்கு டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதனைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்கென்று ஒற்றைப் பவர் கண்ணாடி போட்டுத் தருவார்கள்.

கும்பகோணம், பிசியோதெரபிஸ்ட்

மேஜையைச் சரிசெய்தால் புதிதாக எரிச்சல் ஏறாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் இருக்கும் வலி இறங்குவது பயிற்சியில்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி பிள்ளைகள் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். பத்துப் பயிற்சி தெரியும், ஒன்றும் சரியாக வராது. நான் தொடங்குவது மூன்றில்.

முதலாவது மோவாய் உள்ளிழுப்பது. உட்கார்ந்து வேண்டாம், படுத்துத் தொடங்குங்கள். மல்லாந்து, முழங்கால் மடக்கி. தலைக்கடியில் மடித்த துண்டு, நெற்றியும் மோவாயும் ஒரே மட்டத்தில் வரும் அளவுக்கு மட்டும். தலையைத் தூக்காமல், பின்மண்டை துண்டில் வழுக்குகிற மாதிரி மெல்ல "ஆமாம்" என்று ஒரு தலையசைப்பு. 10 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. வேலை செய்ய வேண்டியது கழுத்தெலும்பை முன்பக்கமாக ஒட்டியிருக்கும் ஆழமான தசைகள். ஏமாற்றுவது காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு வரும் கயிறு போன்ற தசை. இரண்டு விரலை அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள். அது விறைத்தால் அதிகம் முயல்கிறீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். பல்லைக் கடிக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. கிளினிக்கில் இதையே, அழுத்தத்தைக் காட்டும் முள்ளோடு கூடிய காற்றுப்பையைக் கழுத்துக்கடியில் வைத்துப் பார்ப்போம். 20 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தொடங்கி 22, 24 என்று 30 வரை இரண்டிரண்டாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் முள் ஆடாமல் 10 விநாடி நிற்க வேண்டும். வலியுள்ளவரிடம் முள் நடுங்குவதை அவரே பார்ப்பார். "கழுத்தில் பலமில்லை" என்று நாம் விளக்கத் தேவையே இருக்காது.

படுத்துச் சுலபமாக வந்தபின் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து செய்யலாம். அப்போது வருகிற தப்பு, மோவாயை மார்பை நோக்கி இறக்குவது. பார்வை நேரே இருக்க, முகம் முழுவதும் பின்னால் போக வேண்டும்.

இரண்டாவது, எலாஸ்டிக் பேண்டை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டி, இரு கையாலும் விலாவை ஒட்டிப் பின்னால் இழுப்பது. 10 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோள் காதை நோக்கி ஏறினால் பேண்ட் உங்களுக்குக் கனம். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று கனம் கூடுவது ஒரு கம்பெனிக் கணக்கு, வேறு கம்பெனியில் மாறும்.

மூன்றாவது, பேண்டை இரு பாதத்தாலும் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்குவது. இந்தப் பயிற்சியை டென்மார்க்கில் 198 அலுவலக ஊழியர்களை வைத்துச் செய்து பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. வாரம் ஐந்து நாள், 10 வாரம். தினம் 2 நிமிடம் செய்த குழுவுக்கும் வலி குறைந்தது, 12 நிமிடம் செய்த குழுவுக்கும் குறைந்தது. "நேரமில்லை சார்" என்பவருக்கு நான் இந்த 2 நிமிடத்தைத்தான் கொடுக்கிறேன்.

செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வரை நீடித்தால் தடவையைக் குறையுங்கள், பயிற்சியையே நிறுத்தாதீர்கள்.

மன்னார்குடி, பிசியோதெரபிஸ்ட்

நம் பக்கம் பிசியோதெரபி என்றாலே "கரண்ட் வைக்கிறது" என்று ஆகிவிட்டது. தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்தும் ஐஎஃப்டி வைத்தால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் சில மணி நேரத்துக்கு. கழுத்தைத் திருப்பவே முடியாமல் வருகிறவருக்கு வைத்து, வலி தணிந்த அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கினால் அதற்கு ஒரு பொருள் உண்டு. பத்து நாள் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால் ஆள் திரும்பி வருவார், காசும் வரும், கழுத்து அப்படியே இருக்கும். வீட்டில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கொடுங்கள், 15 நிமிடம், தோல் சுடாத சூட்டில், முடிந்ததும் பயிற்சி. சர்க்கரை நோயில் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டை வேறொருவர் கையால் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

எக்ஸ்ரே கவரோடு வந்து "எலும்பு தேய்ஞ்சு போச்சாம் மேடம்" என்று அழுகிறவர்கள் அதிகம். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கியிருந்தது. வயது ஏறினால் படத்தில் ஏதாவது தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து காலர் வாங்கி மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால், கும்பகோணம் சார் எழுப்பச் சொல்கிற தசைகள் இன்னும் தூங்கிப்போகும்.

கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ என்று போட்டிருக்கும். 2014-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு அது. மனிதர் கழுத்தில் அளந்தது கிடையாது. குனிவது பாவம் என்று பள்ளிப் பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். தஞ்சாவூர் சாரோடு எனக்குச் சின்ன வழக்கு உண்டென்றால் இதுதான்: எவ்வளவு அளந்து போட்ட நாற்காலியிலும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலே போதும். பாட்டிலை மேஜையில் வைக்காதீர்கள், எழுந்து போகிற தூரத்தில் வையுங்கள்.

தலைசுற்றலையும் கழுத்துத் தேய்மானத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் வந்து போகிற சுற்றல் பெரும்பாலும் உள்காதுப் பிரச்சினை. அதற்குக் கழுத்துப் பயிற்சி கொடுப்பது வீண். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகட்டும்.

சலூனில் தலையைப் பிடித்துச் சொடுக்குவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் மீட்பது கஷ்டம்.

பட்டுக்கோட்டை, பிசியோதெரபிஸ்ட்

கையில் இறங்கும் வலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எந்த விரல் மரத்துப்போகிறது என்று கேளுங்கள். கட்டைவிரல் பக்கம் என்றால் கழுத்திலிருந்து வரும் ஆறாவது நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது. உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறைகிறது என்று அவரே சொன்னால், நரம்பு கழுத்தில் அழுந்துகிறது என்பதற்கு நல்ல சாட்சி. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பாருங்கள். மவுஸ் பிடிக்கிறவர்களிடம் இரண்டும் சேர்ந்தும் வரும்.

நரம்பு அழுத்தத்துக்குக் கழுத்தை மெல்ல இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் சிலருக்குக் கேட்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதல் நாளே போக மாட்டேன். கட்டியிருக்கும்போது கைவலி மேலே ஏறிக் கழுத்தோடு நின்றால் நல்லது. விரலை நோக்கி இறங்கினால் உடனே அவிழ்க்க வேண்டும்.

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சி, டிராக்‌ஷன் எதுவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், விழுந்த பிறகு வந்த வலியானாலும் அப்படியே. நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு இடது கை வலித்தால் நேராக அவசரப் பிரிவு.

தஞ்சாவூர், பிசியோதெரபிஸ்ட்

மன்னார்குடி மேடம் சொன்ன அரை மணிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசித் தேதியன்று வாசல்வரை வரிசை நிற்கும்போது இ-சேவைக்காரர் எழுந்து போக முடியாது. அவருக்குக் கிளிப் அட்டைதான் கதி.

பிடரியிலிருந்து தலைவலி வந்து, ஒரு பக்கம் திரும்ப முடியாதவர்களுக்குத் துண்டு வைத்துச் செய்வது ஒன்று உண்டு. வலப்பக்கம் திரும்ப முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டின் விளிம்பை மண்டையோடு முடியும் இடத்துக்கு நேர்கீழே பின்கழுத்தில் பதியுங்கள். வலக்காதுப் பக்கம் வரும் முனையை இடக்கையால் நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள். இடக்காதுப் பக்கம் வரும் முனையை வலக்கையால் கன்னத்தை ஒட்டி, தரைக்கு இணையாக முன்னால் இழுத்துக்கொண்டே தலையை வலப்பக்கம் திருப்புங்கள். திருப்பிய கடைசி நிலையில் மூன்று விநாடி நின்று, தலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு தடவை, காலையும் மாலையும். வலிக்கவே கூடாது. வலித்தால் பெரும்பாலும் துண்டு கீழே இறங்கியிருக்கும், விரல் அகலம் மேலே ஏற்றிப் பாருங்கள். குளியல் டர்க்கி டவல் வேண்டாம், தடிமனாக இருந்து வழுக்கும். மெல்லிய காட்டன் துண்டுதான் பிடிக்கும். முதல் தடவை பிசியோ முன்னால் செய்து காட்டிவிட்டு வீட்டில் தொடரட்டும்.