ஆய்வகக் கூட்டத்தில் எல்லாரும் வாய் திறக்க என்ன வழி?

குளுகோர்க்காரி: பினாங்கில் செல் கல்ச்சர் (உயிரணுக்களைத் தட்டில் வளர்க்கும்) ஆய்வகம், ஒன்பது பேர். தமிழர், மலாய்க்காரர், சீனர், ரெண்டு பங்களாதேஷ் மாணவர். வெள்ளிக்கிழமை 2:30க்கு நடக்கும் வாராந்திரக் கூட்டத்தில் பேசுவது மூணே பேர். மத்தவங்களை எப்படிப் பேச வைப்பது?

பாயான்லெப்பாஸ்: முதல்ல நேரத்தைப் பாருங்க அக்கா. வெள்ளிக்கிழமை தொழுகை இடைவேளை 2:45 வரை. 2:30க்குக் கூட்டம் வச்சா பாதிப் பேர் ஓடி வரணும். செவ்வாய் காலைக்கு மாத்துங்க. ஸ்லைடு முந்தின நாளே வந்துடணும். புதியவர் முதலில், பேராசிரியர் கடைசியில். அவர் முதல்ல பேசிட்டா மத்தவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

செந்தூல்காரன்: கூட்டத்தை விடுங்க, வேலைப் பட்டியல்தான் கோளாறு. ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி), கழிவுப் பை, வாட்டர் பாத் தண்ணி எல்லாம் பெண்கள் தலையிலேயே விழும். நாலு வாரச் சுழற்சி எழுதிக் கதவில் ஒட்டுங்க. கையுறையில் எக்ஸ்எஸ் அளவும் வேணும். தொளதொளன்னு இருந்தா பிப்பெட் முனை மாட்டும்போது விரல் நுனி சிக்கும்.

பாயான்லெப்பாஸ்: இன்னொண்ணு, டிரிப்சின், அதாவது தட்டில் ஒட்டின செல்லைப் பிரிக்கும் நொதி. பெரும்பாலும் பன்றிக் கணையத்தில் எடுப்பது. புட்டியிலேயே மூலத்தை எழுதி ஒட்டுங்க. விலங்கில் எடுக்காம மரபணு முறையில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் வகை விலை கூடுதல்தான், கேட்பவருக்காக ஒரு புட்டி இருக்கட்டும். செல் வளர்க்கச் சேர்க்கும் மாட்டு சீரத்தை (ரத்தத்தில் எடுப்பது) பத்தி நம்ம இந்து ஆளுங்க கேட்கிறதே இல்லை, அது வேற கதை!

குளுகோர்க்காரி: டிரிப்சினை மாத்தினா செல் பிரியும் நேரம் மாறுமா?

செந்தூல்காரன்: மாறலாம். பழைய நிமிஷக் கணக்கை நம்பாம, மைக்ராஸ்கோப்பில் செல் உருண்டு வருதான்னு பார்த்து நிறுத்துங்க.