கருஞ்சாவுக்குப் பிறகு ஏழைகளின் கூலி உயர்ந்தது உண்மைதானா?

ஏட்டுப்பூச்சி:
கருஞ்சாவு என்று சொல்லப்படும், 1347-இல் இத்தாலியின் மெஸ்ஸினா துறைமுகத்தில் இறங்கிய பிளேக் கொள்ளைநோய், நாலைந்து ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குப் பேரையாவது கொண்டுபோய்விட்டது. அதனால் ஆள் பற்றாக்குறை, கூலி ஏறியது, உழவர்களைப் பிரபுவின் நிலத்தோடு கட்டிப்போட்ட பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். இவ்வளவு சுலபமாகவா நடந்திருக்கும்? எனக்கு இடிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழஞ்சுவடி:
இடிக்க வேண்டியதுதான். கூலி ஏறியது உண்மை, ஆனால் சும்மா ஏறவில்லை. இங்கிலாந்தில் பிளேக் அடங்குவதற்குள்ளேயே, 1349-இல் அரசர் மூன்றாம் எட்வர்டு ஆணை போட்டுவிட்டார்: பழைய கூலிக்கு மேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. சொந்தப் பிழைப்பு இல்லாத, அறுபது வயதுக்கு உட்பட்ட எவரும் கூப்பிட்ட வேலைக்குப் போயாக வேண்டும். 1351-இல் நாடாளுமன்றம் இன்னும் இறுக்கியது. புல் வெட்ட நாளுக்கு 5 பென்னி. கதிர் அறுக்க ஆகஸ்ட் முதல் வாரம் 2 பென்னி, அடுத்த வாரம் 3. ஒத்துக்கொள்ளாதவர்களைப் பூட்டிவைக்க ஊருக்கு ஊர் தொழுமரம், அதாவது காலை மாட்டிப் பூட்டும் மரக்கட்டை. வாரக் கணக்கு வரைக்கும் சட்டம் எழுதினார்கள் என்றால், அறுவடை நேரத்தில் ஆட்கள் எவ்வளவு கறாராகப் பேரம் பேசியிருப்பார்கள், பாருங்கள்! இந்தக் கோபத்தோடு, ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரியும் சேர்ந்துதான் 1381-இல் உழவர் கலகமாக வெடித்தது. கலகத்தை அடக்கிவிட்டார்கள். ஆனாலும் அடுத்த நூறு ஆண்டுகளில் அங்கே பண்ணையடிமை முறை தேய்ந்துபோனது.

ஜெர்மனியில் ஓடும் எல்பே நதிக்குக் கிழக்கே கதை தலைகீழ். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் உழவர்களை நிலத்தோடு இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். எகிப்தில் கரைகளையும் கால்வாய்களையும் பராமரிக்க ஆளில்லாமல் பாசனமே சீரழிந்தது.

கடைசிவரிசை:
கூலியோடு நிறுத்திவிடாதீர்கள். யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்ற வதந்தியை நம்பி, 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் (இன்றைய பிரான்சில் உள்ள நகரம்) நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். அப்போது பிளேக் அந்த நகரத்துக்கு வந்து சேரவே இல்லை. பிளேக்கில் யூதர்களும்தானே சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமென்ட் முந்தைய ஆண்டே சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? யூதர்களிடம் வாங்கிய கடன்கள் ரத்தாயின, அப்புறம் சொத்தையும் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

ஏட்டுப்பூச்சி:
நன்றி. கிழக்கே மட்டும் பிரபுக்கள் எப்படி ஜெயித்தார்கள்?

பழஞ்சுவடி:
இதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்குச் சரியென்று படுவது இது: தப்பி ஓடினால் ஒண்டிக்கொள்ள அங்கே பலமான நகரங்கள் குறைவு. தானியத்தை மேற்கே ஏற்றுமதி செய்தால் நல்ல காசு. அந்தக் காசு கண்ணில் பட்டதும் பிரபுக்கள் பிடியை இறுக்கினார்கள், தடுக்க வேண்டிய அரசர்களும் அவர்கள் பக்கமே நின்றார்கள்.