ட்சுகெமென் கடையில்: சீட்டு முதல் சூப் வரை

டோக்கியோவிலிருந்து:

ஜப்பானில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் இங்கே ராமென் (சூப்பிலேயே நூடுல்ஸ் போட்டுத் தருவது) கடை அனுபவங்களை எழுதுகிறீர்கள். ட்சுகெமென் பக்கம் யாரும் போகவில்லை போலிருக்கிறது, அதனால் நான் எழுதுகிறேன். இதில் நூடுல்ஸ் தனியாகவும் சூப் தனியாகவும் வரும். நூடுல்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து சூப்பில் முக்கிச் சாப்பிட வேண்டும். கடைகளில் இதை முதலில் விற்றவர் கசுவோ யமகிஷி. கடையில் வேலை செய்பவர்கள் மிஞ்சிய நூடுல்ஸை இப்படி முக்கிச் சாப்பிடுவது வழக்கமாம். அதையே அவர் 1955இல் டோக்கியோவின் நகானோ (Nakano) பகுதியில் இருந்த தைஷோகென் கடையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1961இல் அதே டோக்கியோவின் ஹிகாஷி இகெபுகுரோவில் தனிக்கடை போட்டார். தன்னிடம் தொழில் கற்றவர்களுக்குக் கடைப் பெயரையும் தாராளமாகக் கொடுத்தார். டோக்கியோவில் எங்கே திரும்பினாலும் ஒரு தைஷோகென் கண்ணில் படுவது அதனால்தான். 2015இல் காலமானார். அவர் கடை வழியில் வந்த ஒரு கிண்ணத்தையாவது இங்கே வருகிறவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் வழக்கமாகப் போவது ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னக் கடை. சமையல்கட்டைச் சுற்றி ஒரே ஒரு நீளப் பலகை, அதையொட்டி உயரமான நாற்காலிகள், அவ்வளவுதான். மதியம் போனால் வாசலில் வரிசை நிற்கும். கதவுக்குப் பக்கத்தில் சீட்டு இயந்திரம். பணத்தைப் போட்டு, பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். எல்லாம் ஜப்பானிய எழுத்து, பல கடைகளில் படம்கூட இருக்காது. பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இடது மேல் மூலையில் இருப்பதுதான் அந்தக் கடையின் முக்கியப் பண்டம், அதை அழுத்துங்கள். முட்டை, பன்றி இறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, நோரி (கடற்பாசித் தாள்) எல்லாம் கூடுதலாக வேண்டுமென்றால் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். சோயாவில் ஊறிய முட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் வரிசையில் நிற்கும்போதே ஒருவர் வந்து சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். காரணம் இருக்கிறது. ட்சுகெமென் நூடுல்ஸ் தடிமன், வேகப் பத்து நிமிடம்கூட ஆகும். நீங்கள் உட்காரும் நேரத்துக்குச் சரியாக அது வெந்து வர வேண்டும். சீட்டைக் கொடுக்கும்போது அளவு கேட்பார்கள். நாமிமோரி என்றால் சாதாரண அளவு, ஓமோரி என்றால் பெரியது. சில கடைகளில் இரண்டும் ஒரே விலை. அதற்காக ஆசைப்பட்டு ஓமோரி சொல்லிவிடாதீர்கள், முதல் தடவைக்குச் சாதாரண அளவே வயிற்றை நிரப்பிவிடும்.

அப்புறம் சூடாகவா, குளிர்ச்சியாகவா என்ற கேள்வி. வெந்ததும் நூடுல்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசுவார்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுப்பசை போய், மெல்லும்போது நல்ல இழுவை கிடைக்கும். அதையே மறுபடி வெந்நீரில் போட்டுத் தருவதுதான் அத்சுமோரி. சூப் சீக்கிரம் ஆறாது என்பது அதில் நன்மை, ஆனால் அந்த இழுவை குறைந்துவிடும். என் வோட்டு குளிர்ந்ததற்குத்தான், குளிர்காலத்திலும்.

தட்டு வந்ததும் முதலில் இரண்டு இழையை முக்காமலே சாப்பிட்டுப் பாருங்கள், கோதுமை வாசம் தெரியும். சூப் நம் வீட்டுக் குழம்பு மாதிரி: தொட்டுக்கொள்ளத்தான், அள்ளிக் குடிக்க அல்ல. பன்றி எலும்பு, கோழி, கருவாடு எல்லாம் கொதித்துக் கெட்டியாக, உப்பு தூக்கலாக இருக்கும். நூடுல்ஸில் பாதி முங்கினால் போதும். சில கடைகளில் நோரித் தாளின் மேல் மீன் பொடியைக் குவித்து சூப்பில் மிதக்க விட்டிருப்பார்கள். பாதி சாப்பிட்டபின் அதை உள்ளே தள்ளிக் கலக்கினால் சுவையே வேறாகிவிடும்.

நூடுல்ஸ் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கிண்ணத்தை மேலே நீட்டி “சூப்பு வாரி” என்று கேட்டால், மிச்சமிருக்கும் சூப்பில் சூடான, உப்பில்லாத சாற்றை ஊற்றித் தருவார்கள். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் இதற்காகவே ஒரு இறைச்சித் துண்டையும் இரண்டு மூங்கில் குருத்தையும் கிண்ணத்தின் அடியில் பத்திரமாக வைத்திருந்தார். சமையற்காரர் சாற்றை ஊற்றி, ஒரு சிட்டிகை வெங்காயத்தாளும் யூசு என்ற எலுமிச்சை வகையின் தோல் சீவலும் தூவிக் கொடுத்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்ததைப் பார்த்து நானும் அப்படியே கேட்டு வாங்கினேன். அந்த எலுமிச்சை வாசத்தோடு, அவ்வளவு நேரம் கனமாக இருந்த சூப் எவ்வளவு இதமாக இறங்குகிறது! சில கடைகளில் சாற்றை ஃபிளாஸ்கில் மேஜையிலேயே வைத்திருப்பார்கள், நாமே ஊற்றிக்கொள்ளலாம்.

முடிந்ததும் கிண்ணத்தை மேல் பலகையில் வைத்து, அங்கிருக்கும் துணியால் நம் இடத்தைத் துடைத்துவிட்டு, “கோச்சிசோசாமா” (சாப்பாட்டுக்கு நன்றி) சொல்லி எழ வேண்டியதுதான். டிப்ஸ் கிடையாது. வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், அதனால் உட்கார்ந்து அரட்டை அடிக்கக் கூடாது.

ஃபுகுவோகாவிலிருந்து:

அண்ணா, அருமை. எங்கள் ஊர்க் கதை நேர் எதிர். இங்குள்ள ஹகாதா ராமெனில் நூடுல்ஸ் நூல் மாதிரி மெலிசு, சட்டென்று வெந்துவிடும். நாகஹாமா மீன் சந்தைக்காரர்களுக்குக் காத்திருக்க நேரமில்லாததால் வந்த பழக்கம் என்பார்கள். ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள், போதவில்லை என்றால் “காயேதாமா” என்று சொன்னால் நூடுல்ஸ் மட்டும் மறுபடி வரும். அதனால் சூப்பை மீதி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேக வேண்டும் என்றும் கேட்பார்கள். இங்கே பலரும் கொஞ்சம் விறைப்பாக, “காதா” என்று சொல்வார்கள். நானும் அதுதான்.

சைவம் சாப்பிடும் ஒருவர்:

நான் பல வருடம் வெளியிலிருந்தே மோந்து பார்த்துவிட்டுப் போனவள். காய்கறி மட்டும் மேலே போட்ட கிண்ணத்திலும் சூப் பெரும்பாலும் பன்றி எலும்பிலோ கோழியிலோ மீனிலோதான் இருக்கும் என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டோக்கியோ நிலையத்துக்குள், கேயோ ஸ்ட்ரீட் பகுதியில் டீஸ் டான்டான் என்ற கடையில் எல்லாமே தாவர உணவு. எள்ளு விழுதும் காரமும் சேர்ந்த அவர்களுடைய டான்டான்மென் நூடுல்ஸைச் சாப்பிட்ட அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பயணச்சீட்டு வாயிலுக்கு உள்ளே இருப்பதால், ரயில் மாறும்போது போய்வருவது சுலபம்.

டோக்கியோவிலிருந்து மறுபடியும்:

சீட்டு இயந்திரத்துக்கு என்ன காசு கொண்டுபோவது என்று கேட்டவருக்கு: 1000 யென் தாளும் சில்லறையும் கையில் இருக்கட்டும். பழைய இயந்திரங்கள் பெரிய தாளை எடுக்காது. 2024 ஜூலையில் புதுத் தாள்கள் வந்தபோது, இயந்திரத்தை மாற்ற வசதியில்லாத சின்னக் கடைகள் ரொம்பவே திண்டாடின. இயந்திரம் உங்கள் தாளைத் திருப்பித் துப்பினால் கடைக்காரரிடம் காட்டுங்கள், மாற்றித் தருவார்.