மறு: ஆட்-ஆன், எக்ஸ்டென்ஷன், பிளக்-இன்: மூன்றுக்கும் ‘நீட்சி’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். பயர்பாக்ஸ் உலாவியையும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியையும் தமிழாக்கும் நம் இழையில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது. இவற்றோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆட்-ஆன். எக்ஸ்டென்ஷனும் பிளக்-இன்னும் அதன் வகைகள்.

> மூன்றும் ஒன்றுதான். பயனருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை. எல்லா இடத்திலும் ‘நீட்சி’ என்று போட்டு இழையை முடித்துவிடலாம்.

முடித்துவிடலாம் ஐயா, பயர்பாக்ஸ்தான் விடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திறப்பது ஆட்-ஆன் மேலாண்மைப் பக்கம். அதன் இடப்பக்கப் பட்டியலில் எக்ஸ்டென்ஷன், தீம் (உலாவியின் தோற்றத்தை மாற்றுவது), பிளக்-இன் எல்லாம் தனித்தனி வரிகள். மொழிப்பொதியோ பிழைதிருத்த அகராதியோ நிறுவியிருந்தால் அவற்றுக்கும் தனி வரி வந்துவிடும். மேலேயும் நீட்சி, உள்ளேயும் நீட்சி என்றால் எதைச் சொடுக்கச் சொல்வது? குரோமில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஆட்-ஆன் என்ற பொதுப்பெயரே புழங்குவதில்லை. நாம் பெயர்ப்பது பயர்பாக்ஸையும் தண்டர்பேர்டையும். இரண்டிலும் அது உண்டு.

எக்ஸ்டென்ஷனுக்கு ‘நீட்சி’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. குரோம் பக்கம் ‘நீட்டிப்பு’ என்கிறார்கள். அது நீட்டிக்கும் செயலைச் சொல்கிறது: பணி நீட்டிப்பு, கால நீட்டிப்பு என்று செய்தித்தாளில் நாள்தோறும் படிப்பதுதான். “மூன்று நீட்டிப்புகள் நிறுவப்பட்டன” என்றால் ஏதோ அரசாணை போலிருக்கிறது. கோப்புப்பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷனோடு குழம்பும் என்றால், அதைக் ‘கோப்புப் பின்னொட்டு’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

> பிளக்-இன்தான் செத்துப்போயிற்றே, அதற்கு எதற்குச் சொல்?

முக்கால்வாசி உண்மை. பழைய நெட்ஸ்கேப் உலாவியின் காலத்தில் வந்த ஏற்பாடு அது. ஃபிளாஷ், ஜாவா போன்றவை உலாவிக்கு வெளியே தனியாக நிறுவப்பட்ட நிரல்கள். பக்கத்தில் ஒரு கட்டத்தை உலாவி அவற்றிடம் விட்டுவிடும், அதற்குள் நடப்பது அவற்றின் பாடு. 2017 மார்ச்சில் வந்த பயர்பாக்ஸ் 52, ஃபிளாஷ் தவிர மற்றவற்றைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31-இல் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. அடுத்த மாதம் வந்த பயர்பாக்ஸ் 85-இல் அதுவும் போயிற்று. ஆனாலும் பிளக்-இன் என்ற வரி இன்னும் இருக்கிறது. காணொளி அழைப்புக்கான சிஸ்கோவின் ஓப்பன்-எச்264, நகலெடுக்க முடியாதபடி காப்புப்பூட்டு போட்ட படங்களை ஓட்டும் கூகுளின் வைட்வைன் இரண்டும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. ஆக, சொல் வேண்டும்.

‘செருகி’ என்பது என் தேர்வு. உலாவி, செயலி, வடிகட்டி வரிசையில் தானாக வந்து நிற்கிறது. ‘செருகுநிரல்’ அளவுக்கு நீளமும் இல்லை. சொருகியா செருகியா என்று போன வாரம் நடந்த சண்டைக்குள் நான் வரவில்லை, இரண்டும் நல்ல தமிழ்தான். (இடைச்செருகல் என்றாலே பதிப்பாசிரியர்களுக்குக் கோபம் வரும் என்று அக்கா எழுதியிருந்ததை ரசித்தேன். இது நாமே கேட்டு வாங்கும் செருகல்.)

சிக்கல் ஆட்-ஆன் என்ற பொதுப்பெயரில்தான். ‘துணைநிரல்’ பரவலாகப் புழங்குகிறது, அதை மாற்றுவானேன் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நிரல் இல்லாததை நிரல் என்கிறோமே! பிழைதிருத்த அகராதியைப் பிரித்துப் பாருங்கள்: ஒரு சொற்பட்டியல், அந்தச் சொற்களோடு எந்த ஒட்டுகள் சேரும் என்ற விதிக்கோப்பு, அவ்வளவுதான். பயர்பாக்ஸ் தீம் என்பதும் நிறங்களையும் படங்களையும் குறித்துவைத்த சிறு கோப்புதான். இரண்டிலும் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. நீட்சி அப்படியில்லை. விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் போன்ற ஒன்றை நிறுவும்போது, எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவை அணுக அனுமதி கேட்கிறது. அதைக் கேட்காமல் அதனால் வேலை செய்யவும் முடியாது. அகராதியையும் அதையும் ஒரே ‘நிரல்’ பெயரில் அடைத்தால், எதைப் பார்த்து யோசிக்க வேண்டும், எதைக் கவலையின்றி நிறுவலாம் என்பது பயனருக்கு எப்படித் தெரியும்? “வேறுபாடு தெரியப்போவதில்லை” என்பதற்கு என் பதிலும் இதுதான்: தெரியாமல் செய்வதே நம் பெயர்கள்தான்.

‘இணைப்பு’ ஏற்கெனவே இணையச் சுட்டிக்கும் மின்னஞ்சல் கோப்புக்கும் வலையமைப்புக்கும் உழைத்துக் களைத்துவிட்டது. ‘ஒட்டு’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் வெட்டு, நகல், ஒட்டு என்று திருத்து பட்டியில் குடியேறிவிட்டதே. ‘கூட்டு’ வேண்டாம், பசிக்கிறது.

‘துணைப்பொருள்’ என்று வைக்கலாமா? மென்பொருள், வன்பொருள் பக்கத்தில் பொருந்துகிறது. நிரல் உள்ளதும் இல்லாததும் இரண்டுமே பொருள்தான். கைப்பேசி உறை, செவிப்பொறி போன்றவற்றைத் துணைக்கருவி என்போம், மோதாது.

ஒரு தடை உண்டு. சில நீட்சிகள் தனியாக நடக்காது. கணினியில் இன்னொரு செயலி வேண்டும். கீபாஸ்-எக்ஸ்சி கடவுச்சொல் பெட்டகம் அப்படித்தான்: கடவுச்சொற்கள் மேசைக்கணினிச் செயலியில் இருக்கும், உலாவியில் உள்ள நீட்சி அதனிடம் கேட்டு வாங்கிப் படிவத்தை நிரப்பும். அந்தச் செயலியை நாம் ‘துணைச்செயலி’ என்று எழுதிவருகிறோம். துணைப்பொருளுக்குத் துணைச்செயலி என்று உதவிப்பக்கத்தில் வந்தால் படிப்பவர் திணறுவார். அதை ‘உடன்செயலி’ ஆக்கிவிடலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“இந்த நீட்சி இயங்க உடன்செயலியை நிறுவவும்.”
“எல்லாத் துணைப்பொருள்களையும் முடக்கிவிட்டு மீண்டும் தொடங்கு.”
“செருகி செயலிழந்தது.”

இரண்டாவது வாக்கியம் பொத்தானில் அடங்குமா என்பதுதான் ஐயம். சிறு திரையுள்ள மடிக்கணினி வைத்திருப்பவர் யாராவது போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். மறுப்பவர்கள் தனிச்சொல்லை மட்டும் அனுப்பாமல், இப்படி மூன்று வாக்கியங்களில் வைத்து அனுப்பினால் ஒப்பிட வசதி.

தீமுக்குக் ‘கருப்பொருள்’ என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். நிறம் மாற்றுவதற்கும் கருப்பொருளுக்கும் என்ன உறவு? ‘ஒப்பனை’ என்று முன்மொழிந்து தனி இழை தொடங்குகிறேன், இதில் கலக்க வேண்டாம்.

அன்புடன்.